மதினி பெற்ற பிள்ளை

ஏப்ரல் 2, ஞாயிறு

சங்கர் இன்று காலை பெங்களூரிலிருந்து வந்தான். சொல்லாமல் கொள்ளாமல் பையோடு வாசலில் நின்றான். அவன் கல்யாணத்துக்கு இன்னும் இரண்டு மாதம் கிடக்கிறது, அழைப்பிதழ்கூட அடிக்கக் கொடுக்கவில்லை, இப்போது என்ன அவசரம் என்று கேட்டேன். "சும்மாதான் மதினி, பாக்கணும்னு தோணுச்சு" என்றான். செருப்பைக் கழற்றிவிட்டு நேரே உள்ளே போய், கட்டிலில் உட்கார்ந்திருந்த என் மாமியார் மடியில் தலை வைத்துப் படுத்துவிட்டான். "அம்மா, இன்னைக்கு என்ன சமையல்? நீ சொல்லு" என்று அவளிடம் கேட்டான். சமைத்துக்கொண்டிருந்தது நான்.

ஓய்வு பெற்ற அன்று கொடுத்த டைரி இது. இதுவரை பால் கணக்கும் கேஸ் வந்த தேதியும்தான் எழுதியிருக்கிறேன். இன்று வேறு எழுதத் தோன்றுகிறது. சங்கர் நான் பெற்ற பிள்ளை. அவன் என்னைக் கூப்பிடுவது மதினி என்று. எங்கள் கோவில்பட்டிப் பக்கம் அண்ணன் மனைவியை அப்படித்தான் சொல்வோம். மூத்த மருமகளாக நான் இந்த வீட்டுக்கு வந்தபோது கொழுந்தன்கள் இரண்டு பேரும் நாத்தனாரும் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள். விடிந்ததிலிருந்து மதினி, மதினி என்ற சத்தம்தான். பேசப் பழகிய குழந்தை காதில் விழுந்ததைப் பிடித்துக்கொண்டது. அவர்கள் யாரை அம்மா என்றார்களோ அவளை இவனும் அம்மா என்றான். கூட்டுக் குடும்பத்தில் பெற்றவளை அக்கா என்றும் அண்ணி என்றும் கூப்பிடும் பிள்ளைகள் தெருவுக்கு ஒன்று உண்டு. விவரம் தெரிந்ததும் மாற்றிக்கொள்வார்கள். இவன் மாற்றிக்கொள்ளவில்லை. அவளை நீ, வா, போ என்பான். என்னை நீங்க, வாங்க என்பான். மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை.

என் பெயர் வேலுத்தாய். முப்பது வருஷத்துக்கு மேல் கிராமம் கிராமமாகப் போய்ப் பிரசவம் பார்த்தேன், தடுப்பூசி போட்டேன். பத்து ஊருக்கு நான் நர்ஸம்மா. கிழவர்கள்கூட அம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். வீட்டுக்குள் காலை வைத்தால் மதினி.

சாயங்காலம் அவனுக்கு உடம்பு சுடுகிறது என்றாள் மாமியார். பஸ்ஸில் வந்த அலுப்பாக இருக்கும்.

ஏப்ரல் 3, திங்கள்

அலுப்பு இல்லை. மதியம் சட்டையைக் கழற்றினான், நெஞ்சிலும் முதுகிலும் நீர் கோத்த முத்துகள். பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது.

"அத்த, இது சின்னம்மை. டாக்டர்ட்ட போன்ல கேட்டு இன்னைக்கே மாத்திரைய ஆரம்பிச்சிரலாம்" என்றேன்.

ஆவுடையம்மாள், அதுதான் என் மாமியார், காதைப் பொத்திக்கொண்டாள். "வாயக் கழுவுட்டி. வீட்டுக்கு அம்மா வந்துருக்கா. மாத்திரையாம்ல மாத்திரை! நீ ஆஸ்பத்திரிக் கையோட உள்ள வராத. நான் பாத்துக்கிடுதேன். ஒரு கைதான் பாக்கணும், கை மாறக் கூடாது."

சொன்னதோடு நிற்கவில்லை. முன்னறையைக் காலி பண்ணச் சொல்லி, தரையில் வேப்பிலை பரப்பி, வாசலில் ஒரு கொத்துச் செருகி, தன் பாயையும் அங்கேயே போட்டுக்கொண்டாள். எழுந்து நடக்க என் தோளைப் பிடிக்கிறவள், இன்று குச்சிகூட ஊன்றாமல் நடமாடினாள். சங்கர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான்.

இந்த வீட்டில் ஏற்கெனவே ஓர் அம்மா இருக்கிறாள். இப்போது இன்னொருத்தியும் வந்துவிட்டாள். இரண்டு பேருக்கும் கஞ்சி காய்ச்சுவது நான்.

ஏப்ரல் 4, செவ்வாய்

தாளிக்கக் கூடாது. வற்றல் வறுக்கக் கூடாது. வந்தவர்களை வா என்று சொல்லக் கூடாது, போகிறவர்களைப் போய் வா என்று சொல்லக் கூடாது. எல்லாம் எனக்குத் தெரியும். ஊர் ஊராய்ப் பார்த்ததுதான்.

டாக்டரிடம் போனில் பேசினேன். பெரிய ஆளுக்கு வந்தால் சும்மா விடக் கூடாது, மாத்திரை கொடுங்க, மூச்சு வாங்கினால் உடனே கூட்டிட்டு வாங்க என்றார். வாங்கி வந்து பொடித்து இளநீரில் கலந்து வைத்தேன். ஆவுடையம்மாள் எடுத்துக்கொண்டு போனாள். திரும்பி வந்து, "இளநி கசக்குங்கான். ஆனா ஒரு சொட்டு விடல. அம்மாதான் குடிக்கா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். போட்டுக்கொள்ளட்டும். மருந்து உள்ளே போனால் சரி.

ஏப்ரல் 5, புதன்

காய்ச்சல் அதிகம். மத்தியானம் முன்னறையிலிருந்து "அம்மா" என்று சத்தம் கேட்டது. மாமியார் பின்னால் குளியலறையில் இருந்தாள். நான் கதவுவரை போனேன். மறுபடியும் "அம்மா" என்றான். நடுவில் இழுத்து, மூச்சு விட்டு, இன்னொரு தடவை.

நான் உள்ளே போகவில்லை. வலியில் மனிதர்கள் அம்மா என்பது யாரையும் கூப்பிடுவதல்ல. பிரசவ அறையில் கேட்காததா? தாயைப் பார்த்தே இராத பெண்கள்கூட அப்படித்தான் கத்துவார்கள். கால் இடறினாலும் அம்மாதான். அது ஒரு சத்தம், அவ்வளவுதான். சத்தமாக இல்லாவிட்டால் முத்துப் போட்டவளைக் கூப்பிட்டிருப்பான். அதுவும் இல்லாவிட்டால் தன் அம்மாவை. மூன்றில் எதுவானாலும் எனக்கு அங்கே வேலை இல்லை.

"அத்த, சங்கர் ஒங்களத் தேடுதான்" என்று பின்பக்கம் போய்ச் சொன்னேன். ஈரத் தலையோடு ஓடினாள். உள்ளே ஏதோ பேச்சுக் குரல் கேட்டது. அவள் வெளியே வந்து என்னைப் பார்க்காமல் அடுக்களைக்குப் போனாள். "என்ன வேணுமாம்?" என்றேன். "தாகமாம்" என்றாள்.

ஏப்ரல் 6, வியாழன்

சுபாஷினி போன் பண்ணினாள். சங்கர் கட்டிக்கொள்ளப் போகிற பெண், விருதுநகர். அவன் போனை மாமியார் பிடுங்கி வைத்திருப்பதால் என்னிடம் விசாரிக்கிறாள். நாளுக்கு இரண்டு தடவை. "அத்தை, அத்தை" என்று உருகுகிறாள். நல்ல பெண்தான்.

பூ வைக்கப் போனபோது நடந்தது ஞாபகம் வந்தது. "மதினி, தட்டை இங்க வைங்க" என்று சங்கர் என்னிடம் சொன்னதைக் கேட்டு அந்தப் பெண்ணின் சித்தி, "மாப்பிள்ளைக்கு அண்ணன் சம்சாரமா நீங்க? அண்ணன் வரலியா?" என்றாள். விஷயத்தைச் சொன்னதும் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சங்கரும் சிரித்தான். சுபாஷினி மட்டும் சிரிக்கவில்லை, அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சிரித்துப் பழகிவிட்டது. அவன் இரண்டாம் வகுப்புப் படித்தபோது ரேங்க் கார்டில் கையெழுத்துப் போட ஒரு நாள் லீவு போட்டுவிட்டு நான் பள்ளிக்கூடம் போனேன். "யாருல வந்துருக்கா?" என்று வாத்தியார் கேட்டார். "எங்க மதினி சார்" என்றான். "மதினி போட்டாச் செல்லாது, நாளைக்கு அம்மாவக் கூட்டிட்டு வா" என்று அனுப்பிவிட்டார். நான்தான் அம்மா என்று அந்த மனிதரிடம் சொல்லி நிரூபிக்க எனக்கு வாய் எழவில்லை. மறுநாள் ஆவுடையம்மாள் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு போய்க் கைநாட்டு வைத்துவிட்டு வந்தாள். இந்தக் கதையை என் கணவர் இருந்தவரைக்கும் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அவர் போய் ஆறு வருஷம் ஆகிறது. இப்போது மாமியார் சொல்கிறாள்.

ஏப்ரல் 7, வெள்ளி

வேப்பிலை புதிதாக ஒடித்துக் கொடுத்தேன். அறை வாசலோடு மாமியார் வாங்கிக்கொண்டாள்.

ஏப்ரல் 8, சனி

இன்றும் கூப்பிட்டான். இன்று சத்தம் தெளிவாக இருந்தது. மாமியாரை அனுப்பினேன். அவள் போவதற்குக் கொஞ்சம் யோசித்தது போல இருந்தது. வயசு, முட்டி வலி.

ஒரே ஒரு தடவை நான் முயற்சி பண்ணியிருக்கிறேன். அவனுக்கு அப்போது மூன்று வயது. நான் வேலை பார்த்த ஊரிலேயே தங்கி வாரத்துக்கு ஒரு நாள் வந்துபோன காலம். கிரீம் பிஸ்கட் ஒன்றை நீட்டி, "அம்மான்னு சொல்லு, தாரேன்" என்றேன். பிள்ளை பிஸ்கட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். அப்புறம் ஆவுடையம்மாள் பக்கம் திரும்பி, "அம்மா, மதினி எதுக்கு ஒன்னையக் கூப்பிடச் சொல்லுதாக?" என்று கேட்டான். வீடே விழுந்து விழுந்து சிரித்தது. பிஸ்கட்டைக் கொடுத்துவிட்டேன். அதற்கப்புறம் கேட்கவில்லை. கேட்டு வாங்கினால் அது பிஸ்கட்டுக்குச் சொன்னதாகத்தானே இருக்கும்?

ஏப்ரல் 9, ஞாயிறு

முத்துகள் பொருக்குத் தட்ட ஆரம்பித்துவிட்டன. காய்ச்சல் இல்லை. மருந்து வேலை செய்திருக்கிறது. இன்றுதான் முதல் முறையாக எழுந்து பின்முற்றம்வரை நடந்து வந்தான். நான் அவனுக்குப் பூச வேப்பிலையும் மஞ்சளும் அம்மியில் அரைத்துக்கொண்டிருந்தேன். முதுகு காட்டி உட்கார்ந்திருந்தேன். "அம்மா, கொஞ்சம் தண்ணி தாங்க" என்றான். மாமியார் முன்பக்கம் இருந்தாள். கை முழுக்க மஞ்சள், நான் அப்படியே உரக்க, "அத்த, ஒங்களத்தான் கூப்பிடுதான், தண்ணி வேணுமாம்" என்றேன்.

அவள் செம்போடு வந்தாள். நான் திரும்பிப் பார்த்தபோது அவன் தண்ணீரை வாங்காமல் உள்ளே போய்க்கொண்டிருந்தான். "வேண்டாமாம்" என்றாள். காய்ச்சல் விட்ட உடம்புக்கு வரும் சிடுசிடுப்பு. இரண்டு நாளில் சரியாகிவிடும்.

முகத்தில் தழும்பு விழாது என்று நினைக்கிறேன். மூக்கோரம் ஒன்று மட்டும் ஆழமாக இருக்கிறது.

ஏப்ரல் 11, செவ்வாய்

முதல் தண்ணீர் ஊற்றியாயிற்று. வேப்பிலை போட்டு வெயிலில் வைத்த தண்ணீர். ஊற்றியது மாமியார். "அம்மா குளுந்து எறங்கிட்டா" என்று கொழுந்தன்களுக்கும் நாத்தனாருக்கும் போன் போட்டுச் சொல்லச் சொன்னாள், நான் போட்டுச் சொன்னேன். "இந்த வயசுலயும் எங்கம்மா ஒத்தையாக் கெடந்து பாத்திருக்கா பாருங்க மதினி" என்றார் சின்னவர். ஆமாம் என்றேன். மாத்திரை அட்டைகளைப் பேப்பரில் சுற்றிக் குப்பையில் அடியில் போட்டேன்.

இரண்டு நாளாக முன்னறையில் அம்மா என்ற சத்தமே இல்லை. வலி போய்விட்டது.

ஏப்ரல் 13, வியாழன்

சாப்பிடுகிறான், தூங்குகிறான். யாரையும் எதற்கும் கூப்பிடுவதில்லை. வேண்டியதைத் தானே எழுந்து வந்து எடுத்துக்கொள்கிறான்.

ஏப்ரல் 16, ஞாயிறு

மூன்றாம் தண்ணீரும் ஆயிற்று. வாசல் வேப்பிலையை எடுத்தாயிற்று. மத்தியானம் கடுகு தாளித்தபோது வீடே தும்மியது.

சுபாஷினி பேசினாள். நலம் விசாரித்து முடித்த பிறகும் போனை வைக்காமல் இருந்தாள். பிறகு மெல்ல, "அத்தை, ஒண்ணு கேக்கட்டுமா? அவர் கூப்பிட்டாரா?" என்றாள்.

"யாரைம்மா?"

"உங்களத்தான். அம்மான்னு." கொஞ்சம் சிரித்தாள். "அவர் ஊருக்கு வந்ததே அதுக்குத்தான் அத்தை. பூ வச்ச அன்னைக்கு நீங்க சிரிச்சீங்கல்ல, எனக்கு மனசே கேக்கல. அவர்ட்ட சண்ட போட்டேன். இவ்ளோ நாள் கழிச்சு எப்பிடி மாத்துறது, வெக்கமா இருக்குன்னார். பேச்சோட பேச்சா கூப்பிட்டுப் பாக்குறேன், அவங்க திரும்பிப் பாத்துட்டா அப்பிடியே பழக்கமாயிரும்னு சொல்லிட்டு வந்தார். இப்பக் கேட்டா பதிலே சொல்ல மாட்டேங்கிறார்."

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அணைக்கத் தோன்றவில்லை.

"அத்தை?"

"கூப்பிட்டாம்மா" என்றேன். "கூப்பிட்டான். நல்லாக் கூப்பிட்டான்."

அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

'தாங்க' என்றான். தண்ணி தாங்க. ஆவுடையம்மாளிடம் அவன் பிறந்ததிலிருந்து 'தா'தான். ஒரு நாள், ஒரு பொழுது 'தாங்க' என்று கேட்டதில்லை. அந்த 'ங்க' என்னுடையது. இத்தனை வருஷம் எனக்கு வேம்பாகக் கசந்த மரியாதை, அன்றைக்கு அது ஒன்றுதான் அடையாளம், அதையும் நான் கவனிக்கவில்லை. அம்மா என்ற முதல் சொல் காதில் விழுந்ததும் உன்னை இல்லை என்று உடம்பு முடிவு பண்ணிவிட்டது. திரும்பிப் பார்த்திருந்தால் போதும். கையைக் கழுவக்கூட வேண்டாம்.

ஏப்ரல் 17, திங்கள்

மாமியார் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். சங்கர் முடி வெட்டப் போயிருந்தான்.

"அத்த, அன்னைக்கு முத்தத்துல தண்ணி கேட்டானே, அது ஒங்களையா?"

"முடிஞ்சத எதுக்குட்டி கிண்டுத?"

"ஒங்களத்தானான்னு கேக்கேன்."

கீரையை உருவுவதை அவள் நிறுத்தவில்லை. "ஒன்னத்தான்."

"காய்ச்சல்ல கூப்பிட்டது?"

"அதுவும்தான். மொத நாளு நான் உள்ள போனதும், நீ இல்ல, அவங்கள வரச் சொல்லுன்னான். காய்ச்சல்ல பெனாத்துதான்னு விட்டுட்டேன். சனிக்கெழமையும் அதத்தான் சொன்னான்."

"ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"கை மாறக் கூடாதுல்லா" என்றாள். அது அவளுக்கே போதவில்லை போலிருக்கிறது. ஒரு காம்பை எடுத்து விரலுக்குள் வைத்து நசுக்கிக்கொண்டே இருந்தாள். "நாலு பெத்தேன். மூத்தவன் மண்ணுக்குப் போயிட்டான். மத்த மூணும் நாம போன் போட்டாத்தான் பேசுது. இவன் ஒருத்தன்தான் வாய் நெறைய அம்மாங்கான். அதையும் ஒனக்குக் குடுத்துட்டு நான் எதக் கேட்டுக்கிட்டுக் கண்ண மூட?"

எனக்கு இரக்கம் வரவில்லை. வந்தது என்று எழுதினால் பொய். அந்தக் கீரைத் தட்டோடு அவளைத் தூக்கி முற்றத்தில் வீச வேண்டும் போலிருந்தது. அவள் என்னுடையதை எடுத்துக்கொண்டாள், அது தெரிந்தே எடுத்துக்கொண்டாள். ஆனால் மூன்று தடவையும் அவளை உள்ளே அனுப்பியது யார்? அத்த, ஒங்களத்தான் என்று கூவியது யார் வாய்?

மிச்சக் கீரையை என் பக்கம் இழுத்து உருவினேன்.

ஏப்ரல் 18, செவ்வாய்

நாளை கிளம்புகிறான். அவன் கூப்பிடாவிட்டால் என்ன, நானாகச் சொல்லிக்கொண்டால் ஆகாதா என்று நினைத்தேன். எல்லாத் தாய்மாரும் பிள்ளையிடம் தங்களை அப்படித்தானே சொல்லிக்கொள்கிறார்கள்? அம்மா ஊட்டி விடட்டுமா, அம்மா சொன்னாக் கேக்கணும், அம்மாட்ட வா. தடுப்பூசி போடுகிற இடத்தில் நாள் முழுக்கக் கேட்டிருக்கிறேன். நான் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

மத்தியானம் அவன் சாப்பிட உட்கார்ந்தான். ரசக் கிண்ணத்தோடு பக்கத்தில் நின்றேன். பரீட்சைக்குப் போகிறவள் மாதிரி மனசுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

"அம்மா கையால ரசம். ஊத்தட்டுமா?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். "அம்மா வச்சாளா? அவளுக்குக் கண்ணே சரியாத் தெரியாது, அடுப்புப் பக்கம் எதுக்கு விட்டீங்க மதினி?"

"இனிமே விடல" என்றேன். ஊற்றினேன். நல்லா இருக்கு என்று இரண்டாம் தடவை வாங்கிக்கொண்டான்.

கையைக் கழுவும்போது, என் பக்கம் பார்க்காமல், "இளநியில மாத்திரைய கலந்து தந்தது நீங்கதான?" என்றான்.

"எப்பிடித் தெரியும்?"

"மொத நாளே தெரியும். வேற யாரு தருவா?"

அப்போதாவது கேட்டிருக்கலாம். அன்னைக்கு என்னையத்தான் கூப்பிட்டியா தம்பி, எனக்கு விளங்காமப் போச்சு, இன்னொரு தடவ கூப்பிடு. இவ்வளவுதான். வாய் வரைக்கும் வந்தது. பிஸ்கட்டை நீட்டிய கை ஞாபகம் வந்துவிட்டது. துண்டை எடுத்துக் கொடுத்தேன்.

ஏப்ரல் 19, புதன்

பஸ் ஏற்றிவிடப் போனேன். மாமியார் வாசலோடு நின்றுகொண்டாள். அவளைக் கட்டிக்கொண்டு, "வாரேன் அம்மா, ஒழுங்காச் சாப்புடு" என்றான். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தான். நான் ஜன்னலுக்குக் கீழே நின்றேன். ஏதோ சொல்ல வருவது போல இருந்தது. வண்டியைக் கிளப்பிவிட்டார்கள். "வாரேன் மதினி. உடம்பப் பாத்துக்கோங்க" என்றான். "சரி தம்பி" என்றேன். கொழுந்தனை மதினி கூப்பிடுவதும் தம்பி என்றுதான். பக்கத்து சீட்டுக்காரர் அப்படித்தான் நினைத்திருப்பார்.

பஸ் மறைந்த பிறகும் அங்கேயே நின்றேன். பின்னால் "அம்மா" என்று ஒரு குரல். சட்டென்று திரும்பினேன். வெள்ளரிப் பிஞ்சுக்காரி, கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு, "அம்மா, பிஞ்சு வாங்குங்கம்மா" என்றாள். ஊரில் யார் கூப்பிட்டாலும் திரும்பத் தெரிகிறது எனக்கு. ஒரு கட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். மாமியாருக்கு மெல்லப் பல் இல்லை.

ஏப்ரல் 20, வியாழன்

போய்ச் சேர்ந்துவிட்டதாகச் சங்கர் காலையில் போன் பண்ணினான். முதலில் மாமியாரிடம் பேசினான், பிறகு என்னிடம். காய்ச்சல் இல்லை, அரிப்பு இல்லை, மூக்கோரத் தழும்பு மட்டும் இருக்கும் போல என்றான்.

பிரசவம் பார்த்து முடித்துக் கையைத் துடைத்ததும் பதிவேட்டில் ஒரு வரி எழுத வேண்டும். எழுதி எழுதிப் பழகி, என்ன நடந்திருந்தாலும் கை தானாக அதை எழுதிவிடும்.

தாயும் சேயும் நலம்.